பழனியோடு நின்ற யாத்திரை

போன வாரம் என் மகள் சாப்பாட்டு மேசையில் செல்போனை வைத்துக்கொண்டு ஒரு பயணத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். பழனி, மதுரை, திருச்செந்தூர், திரும்பி வரும்போது ஸ்ரீரங்கம். நான்கு நாள். செலவு கைக்கடக்கமாக இருக்க வேண்டும், அதே சமயம் ஒரு வேளைகூட மோசமான சாப்பாடு சாப்பிடக் கூடாது என்பது அவளுடைய கொள்கை. எந்த ஊரில் எந்த மெஸ், எந்தச் சந்தில் இட்லிக் கடை, எந்தக் கோயில் மடைப்பள்ளியில் சர்க்கரைப் பொங்கல் நன்றாக இருக்கும் என்று வரிசையாக வாசித்துக்கொண்டே போனாள். நான் அடுப்படியில் புளிக்காய்ச்சல் கிண்டிக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, வழி முச்சூடும் கடை இருக்குது. இதெல்லாம் எதுக்குக் கட்டிக்கிட்டு?" என்றாள்.

"கெடக்குது. ஒரு வேளைக்கு ஆகும்" என்றேன்.

புளியும் வெந்தயமும் நல்லெண்ணெயில் சேர்ந்து கொதிக்கிற வாசனை மற்றவர்களுக்குப் பசியைக் கிளப்பும். எனக்கு மட்டும் மேல்கையின் உட்பக்கம் சுரீரென்று எரியும். முப்பது வருஷமாக அப்படித்தான். நாங்களும் ஒரு காலத்தில் இதே பயணத்துக்குத் திட்டம் போட்டோம், ஏறக்குறைய இதே ஊர்கள்தான். பழனியைத் தாண்டவில்லை. ஏன் தாண்டவில்லை என்று மகளிடம் இதுவரை சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் ஏழாவது, தம்பி மூன்றாவது. பீளமேட்டில், ஒரு மில்லின் பின்பக்கச் சந்தில் எங்கள் வீடு. அப்பா பக்கத்திலேயே ஒரு பவுண்டரியில் வேலை பார்த்தார். இரும்பைக் காய்ச்சி மோட்டார் பம்புக்கு வேண்டியதை வார்க்கிற இடம். அப்பா அடிப்பார். இதை நான் சுற்றி வளைத்துச் சொல்லப் போவதில்லை. கையில் எது அகப்படுகிறதோ அதால் அடிப்பார்: இஸ்திரிப் பெட்டி வயர், செருப்பு, கொசுவலைக் கம்பு, ஒரு தடவை முழுசாக ஒரு முருங்கைக்காய்க் கட்டு. அன்றைக்கு அந்த முருங்கைக்காயிலேயே சாம்பாரும் வைக்கச் சொன்னார். அந்தக் காலத்துல எல்லா அப்பாவும்தான் அடிச்சாங்க என்று என் தம்பி இப்போது பெரிய மனுஷனாகப் பேசுகிறான். பேசுவான். தழும்பெல்லாம் அவனுக்கு முதுகில், முதுகை அவன் எங்கே பார்த்தான்.

வெளியே அப்பாவைப் போல மரியாதைக்காரர் கிடையாது. எங்கள் கொங்கு நாட்டில் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுவது வழக்கம்தான், ஆனால் அப்பா தெருநாயைக்கூட "அக்கட்டால போங்க" என்றுதான் விரட்டுவார். வீட்டுக்குள் அம்மாவிடமும் எங்களிடமும் வா, போ, இந்தா புள்ள என்று சாதாரணமாகப் பேசுவார். அப்படிப் பேசுகிறவரை பயமில்லை. எப்போது அவர் வாயில் எங்களுக்கு 'ங்க' வருகிறதோ அப்போது ஓடிவிட வேண்டும். "ஏனுங்க அம்மணி, கொழம்புல உப்பு எச்சாயிருச்சுங்களா?" என்று தணிந்த குரலில் கேட்டார் என்றால் அடுத்த நொடி தட்டு பறக்கும். மரியாதை கூடக் கூட அடியும் கூடும். என் கல்யாணத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரர் என்னை முதல் தடவை "வாங்க, போங்க" என்று கூப்பிட்டபோது நான் சுவரோரமாக ஒதுங்கி நின்றேன். பாவம், அந்த மனுஷன் இன்றுவரை என்னை 'நீ' என்றுதான் கூப்பிடுகிறார்.

அம்மாவுக்கு முடி முழங்காலைத் தொடும். சந்திலிருக்கிற பெண்கள் எல்லோரும் அம்மா தலை குளித்துவிட்டு வெயிலில் நின்றால் பொறாமையோடு பார்ப்பார்கள். அப்பாவுக்கும் அதில் ஏகப்பட்ட பெருமை. கல்யாண வீடுகளில் அம்மா முன்னால் நடக்க, அப்பா பின்னால் நடப்பார். வீட்டில் அந்த முடிக்கு வேறு உபயோகம் இருந்தது. சடையைப் பிடித்து மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டால் அம்மாவால் எந்தப் பக்கமும் அசைய முடியாது. பிறகு இன்னொரு கைக்கு வேலை. சுவரில் மோதுவதும் உண்டு. எங்கள் வீட்டு நிலைவாசலை ஒட்டிய சுவரில், அம்மாவின் நெற்றி உயரத்துக்கு, சுண்ணாம்பு எப்போதும் கொஞ்சம் உதிர்ந்தே இருக்கும். ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்த இடத்தில் மட்டும் இரண்டு கோட் அடிப்போம்.

ஒரு மழைக்காலத்தில் பவுண்டரியில் காய்ச்சிய இரும்பு தெறித்து அப்பாவின் வலது கை வெந்துபோனது. கையை எடுக்க வேண்டி வரலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அம்மா அங்கேயே வராந்தாவில் நின்று பழனி முருகனுக்கு வேண்டிக்கொண்டார்: கை பிழைத்தால் என் முடியை முழுசாக இறக்குகிறேன். அடிக்கிற கை பிழைக்க வேண்டும் என்று அடி வாங்குகிறவள் வேண்டிக்கொண்டாள். இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது. அன்றைக்கே கேட்டேன், என் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம்.

"அந்தக் கை போனாப் போச்சுன்னு உட்டுருக்கலாமல்ல?"

"கையில்லாமச் சோத்துக்கு என்ன கண்ணு பண்றது?" என்றவர் கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து என் காதருகே சொன்னார்: "கை வரட்டும். முடியத்தான குடுக்கறேன்னேன்? பொறவு புடிக்கறதுக்கு என்ன இருக்கும்?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று. அன்றிலிருந்து எனக்கும் அந்த மொட்டைதான் கனவு. சாமி, எங்கம்மாவுக்கு மொட்டை போட்டு உட்ருங்க என்று பரீட்சைக்கு வேண்டுகிற மாதிரி தினமும் வேண்டினேன்.

அப்பா கையில் கட்டோடு இருந்த இரண்டு மாதம் எங்கள் வீட்டின் பொற்காலம். அம்மா ஊட்டிவிட, அவர் சாப்பிடுவார். நாங்கள் சத்தமாகப் பேசினோம், ரேடியோ வைத்தோம். கட்டுப் பிரித்ததும், குணமான கை சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்கிற மாதிரி, முதல் அறை என் கன்னத்தில் விழுந்தது. நன்றாகவே வேலை செய்தது.

வேண்டுதலை அப்பா இழுத்தடித்தார். தைப்பூசம் போகட்டும் என்றார், பங்குனி உத்திரம் போகட்டும் என்றார். அந்த முடி போவதில் அவருக்கு இஷ்டமில்லை என்பது எனக்கே தெரிந்தது. ஆனால் பழனியாண்டவர் கடனை வைத்துக்கொள்ள எங்கள் பக்கத்தில் யாருக்கும் துணிச்சல் வராது. தம்பிக்கு அம்மை போட்டது. அடுத்த மாதம் அப்பாவின் மொபெட் காணாமல் போனது. அதற்கும் அடுத்த வாரம் பவுண்டரியில் மறுபடி இரும்பு தெறித்து, ஒரு சாண் தள்ளி விழுந்தது. அன்று சாயங்காலம் வந்தவர், "போயிட்டு வந்தர்லாம்" என்றார்.

போவதென்று முடிவானதும் அப்பாவுக்கு ஆசை வந்துவிட்டது. எப்படியும் பஸ் ஏறப்போகிறோம், பழனியோடு ஏன் நிற்க வேண்டும்? பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஊர்களை எழுதினார். பழனி, மதுரை, திருச்செந்தூர், கன்னியாகுமரி, திருநெல்வேலி, ஸ்ரீரங்கம். எல்லாம் அரசு பஸ். படுக்கை சத்திரத்தில். முதல் இரண்டு நாளைக்குக் கட்டுச்சோறு, அப்புறம் மடங்களில் போடுகிற சோறு, கோயில் பிரசாதம். ஹோட்டல் வாசற்படியை மிதிக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் காலையில் அந்தத் தாளை விரித்து உட்காருவார். நாங்களும் சுற்றி உட்கார வேண்டும். உட்காராவிட்டால் அடி. உட்கார்ந்து பேசினாலும் அடி. "மதுரைக்கு மொதல்ல போனா என்னங்க மாமா?" என்று அம்மா ஒரு தடவை கேட்டதற்கு அந்தத் தாளின் மேலேயே அம்மாவின் முகத்தை வைத்துத் தேய்த்தார். கன்னியாகுமரியில் மூக்குரத்தம் பட்டு அந்த ஊர் மட்டும் கடைசிவரை பழுப்பாகத் தெரிந்தது.

என் தம்பி வேறு ஒரு திட்டம் போட்டிருந்தான். அவன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதே ஊர்களை எழுதி, எதிரில் தின்பண்டத்தை எழுதியிருந்தான். பழனி பஞ்சாமிர்தம், மதுரை பரோட்டா, திருநெல்வேலி அல்வா, திருச்செந்தூர் சில்லுக்கருப்பட்டி. கன்னியாகுமரிக்கு என்ன என்று தெரியாமல் 'மீனு' என்று போட்டுவிட்டான். பழனிக்கு விரதமிருக்கிற வீட்டில் மீன்! அப்பா நோட்டைப் பார்த்தார். "கோயலுக்குப் போறமுங்களா, திங்கப் போறமுங்களா?" என்று கேட்டார். 'ங்க' வந்ததும் நான் ஓடிவிட்டேன். தம்பி சின்னவன், அவனுக்கு அந்த இலக்கணம் இன்னும் பிடிபடவில்லை. "ரெண்டுக்கும்தானுங்கப்பா" என்றான். வயர் பதினோரு தடவை இறங்கியது. நான் பாத்ரூமுக்குள் நின்று எண்ணினேன். நான் போய்த் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன்.

கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது அத்தை வந்தார். அப்பாவின் அக்கா, உடுமலைப்பேட்டைப் பக்கம் தோட்டத்தில் குடியிருந்தவர். கணவனின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்று கூப்பிடுவார்கள். அம்மா காபியை நீட்டிய கையோடு, "நங்கையா, முடி எறக்கப் போறமுங்க" என்றதும் அத்தை காபியைக் கீழே வைத்துவிட்டார்.

"சுமங்கலி ஆராச்சும் முழுமொட்ட போடுவாங்களா அம்மணி? பூமுடி எறக்குனாப் போதும்."

பூமுடி என்றால் நுனியில் மூன்று விரற்கடை அளவு மட்டும் கத்தரித்துக் காணிக்கையாகக் கொடுப்பது. அப்பாவுக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்த கதையாகிவிட்டது. கடனும் தீரும், முடியும் இருக்கும். அம்மா முதல் தடவையாக எதிர்த்துப் பேசினார். "முழுசான்னுதான் வேண்டுனேனுங்க. கொறச்சுக் குடுத்துக் கை மறுக்கா வெந்துச்சுன்னா என்னையக் கேக்கக் கூடாது."

அந்த ஒரு வார்த்தை அப்பாவைத் தடுமாற வைத்தது. கடைசியில் எங்கள் பக்கத்து வழக்கப்படி பூக்கேட்பது என்று முடிவாயிற்று. பெண் பார்ப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் குலசாமி கோயிலில் பூக்கேட்காமல் செய்ய மாட்டார்கள். ஒரே மாதிரி இரண்டு இலைப் பொட்டலம். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எது வருகிறதோ அது சாமி வாக்கு. வெள்ளை வந்தால் முழுமொட்டை, சிவப்பு வந்தால் பூமுடி. வேண்டுதல் யாருடையதோ அவர்தான் பொட்டலம் கட்டிக்கொண்டு வர வேண்டும் என்று எங்கள் கோயிலில் ஒரு முறை.

ஞாயிற்றுக்கிழமை போனோம். பூசாரி பொட்டலங்களைக் குலுக்கிப் போட்டார். என்னைக் கூப்பிட்டார்கள். என் கை நடுங்கிய நடுக்கத்தில் அத்தை, "பாப்பாவுக்குச் சாமி வருதாட்ட இருக்குது" என்றார். சாமியாவது ஒன்றாவது, எனக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது. ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பிரித்தார். நந்தியாவட்டை. வெள்ளை. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்பாவும் விபூதி வாங்கிக்கொண்டார். சாமி சொல்லிவிட்டால் சொல்லிவிட்டதுதான்.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கோயில் கிணற்றில் போட வேண்டும். அந்த வேலையையும் என்னிடமே கொடுத்தார்கள். பன்னிரண்டு வயதுக் கழுதையிடம் பிரிக்காதே என்று ஒன்றைக் கொடுத்தால் என்ன செய்யும்? கிணற்றடியில் உட்கார்ந்து பிரித்தேன். அதிலும் நந்தியாவட்டை.

அம்மா சாமியையே ஏமாற்றிவிட்டார். சாமி கண்ணைக் குத்துமோ, பஸ் கவிழுமோ என்று பயந்தேன். அதே நேரம், சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள், அம்மாமேல் அப்படி ஒரு பாசம் வந்தது. பொட்டலத்தைக் கிணற்றில் போட்டுவிட்டு வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அம்மா என் முகத்தைப் பார்த்தார். தெரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன்.

கிளம்பும் நாளன்று விடிவதற்குள் அம்மா புளிச்சோறு கிளறி, எங்கள் ஊரில் போசி என்று சொல்லுகிற பெரிய தூக்குப் பாத்திரத்தில் அமுக்கி அமுக்கி நிரப்பினார். வழி முழுக்க அந்த வாசனை எங்களோடு வந்தது. உக்கடத்தில் பஸ் ஏறினோம். பொள்ளாச்சி தாண்டி, உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டில் வண்டி அரைமணி நேரம் நிற்கும் என்றார்கள். அப்பா டீ குடிக்கப் போனார். அவர் குடிக்கிற டீ ஹோட்டல் கணக்கில் சேராது. எதிரில் ஒரு தள்ளுவண்டியில் மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பி அதைப் பார்த்து நின்ற நிலையை என்னால் பார்க்க முடியவில்லை. அத்தை என் கையில் திணித்துவிட்டுப் போன காசு இருந்தது. ஓடிப்போய் ஒரு பஜ்ஜி வாங்கி அவனிடம் கொடுத்தேன். ஒரே ஒரு பஜ்ஜி. அவன் வாயில் போட்டுக்கொண்டிருக்கும்போதே அப்பா திரும்பி வந்துவிட்டார்.

பொது இடத்தில் அப்பா அடிக்க மாட்டார். அவருடைய மானம் அப்படி. என்னைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தி, ஜாக்கெட் கைக்கு உள்பக்கம் மேல்கையின் மென்மையான சதையை இரண்டு விரலால் பிடித்துத் திருக ஆரம்பித்தார். போகிறவர் வருகிறவருக்கு, ஒரு அப்பா மகளை அணைத்துக்கொண்டு நிற்பது மாதிரித்தான் தெரிந்திருக்கும். "ஆருங்க கண்ணு வாங்கிக் குடுத்தது? ஹோட்டல்ல திங்கக் கூடாதுன்னு சொன்னனுங்களா இல்லீங்களா?" சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டே திருகினார். தோல் கிழிந்து ஈரமானது எனக்குத் தெரிந்தது. விரதத்தைக் கெடுத்தவளே, சாமி குத்தம் பண்ணினவளே என்று காதில் சொல்லிக்கொண்டே போனார். என்னால் தாங்க முடியவில்லை.

"நானொண்ணும் சாமி குத்தம் பண்ணலை! அம்மாதான் ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளப்பூ வெச்சாங்க!"

விரல்கள் நின்றன. அந்த வலி நின்றதில் எனக்கு ஏற்பட்ட நிம்மதி இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. ஒரு நிமிஷம்தான் இருக்கும். பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது.

அப்பா அம்மாவிடம் திரும்பினார். "நெசமுங்களா?"

"ஆமாங்க" என்றார் அம்மா. மறுக்கவே இல்லை. "சாமிய ஏமாத்துனா சாமி என்னையக் கேக்கட்டுமுங்க. உங்களுக்கென்ன?"

"செரிங்க" என்றார் அப்பா. "பழனிக்குப் போலாமுங்க. பூமுடி எறக்கிக்கலாமுங்க. இன்னைக்கே ஊட்டுக்குத் திரும்பிக்கலாமுங்க. மத்ததெல்லாம் அங்க போயிப் பேசிக்கலாமுங்க."

அத்தனை 'ங்க'வை ஒட்டுக்காக நான் அதுவரை கேட்டதில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போனால் அம்மா உயிரோடு இருக்க மாட்டார் என்று நான் நினைத்தேன். மிகைப்படுத்தவில்லை. அம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். பழனி வரும்வரை தம்பியை மடியில் போட்டு முதுகைத் தடவிக்கொண்டே வந்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. என் கையில் ரத்தம் கசிந்த இடத்தை முந்தானையால் ஒற்றிவிட்டார்.

பழனி அடிவாரத்தில் முடிக்கொட்டகை. நீளமான கூடம், வரிசையாக நாவிதர்கள், எதிரெதிரே தண்ணீர்க் கிண்ணங்கள். தரை முழுக்க ஈரமும் முடியும். மொட்டை போட்ட குழந்தைகள் ஒரே கூச்சலாக அழுதுகொண்டிருந்தன. அப்பா சீட்டு வாங்கிக்கொண்டு வந்து, வெள்ளை மீசை வைத்த ஒரு நாவிதரிடம் கொடுத்தார். "பூமுடிங்க. மூணு வெரக்கட போதுமுங்க."

அம்மா அவர் முன்னால் பலகையில் உட்கார்ந்தார். கொண்டையை அவிழ்த்து, சடையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டார். "முழுசா எறக்குங்க" என்றார்.

நாவிதர் அப்பாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க. பின்னால கூட்டம் நிக்குது."

"என்ற முடி, என்ற வேண்டுதல். தண்ணி ஊத்துங்க."

அவர் கிண்ணத்துத் தண்ணீரை அம்மாவின் உச்சியில் ஊற்றினார். அவ்வளவுதான், அப்பாவின் கை போய்விட்டது. நூறு பேர் பார்க்க, பொது இடத்தில், முதல் தடவையாக. சடையை அள்ளி, மணிக்கட்டில் ஒரு சுற்று, இரண்டு சுற்று. அம்மாவைப் பலகையிலிருந்து பின்பக்கமாக இழுத்தார். அம்மாவின் தலை தரையில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. தம்பி வீறிட்டான்.

"யோவ், கைய எடுய்யா! தண்ணி பட்டாச்சு. இனி அது ஆண்டவன் முடி!" என்று நாவிதர் எழுந்தார்.

அப்பா விடவில்லை. வயிற்றில் மிதித்தார். அம்மா மல்லாந்து கிடந்தபடியே கையை நீட்டித் துழாவினார். நீளமுடியை முதலில் வெட்டுவதற்காக நாவிதர் வைத்திருந்த பெரிய கத்தரி கிடைத்தது. பின்பக்கம் கையைக் கொண்டுபோய், பின்கழுத்துப் பொடனிக்குப் பக்கத்தில், பார்க்காமலேயே வெட்டினார். நறுக், நறுக், நறுக். அம்மாவின் பொடனியில் ரத்தம். அப்பாவின் கையிலும் கத்தரி இறங்கி ரத்தம். அவர் இன்னும் பலமாக இழுக்க, கடைசி வெட்டும் விழ, அப்பா அந்த ஈரத்தில், யார் யாருடையதோ முடிக்குவியலில், பொத்தென்று உட்கார்ந்தார். கையில் இரண்டு சுற்றுச் சடை. மறுமுனையில் யாருமில்லை.

யாரோ ஒரு கிழவர் "அரோகரா" என்றார். வேண்டுதலின் வேகம் என்று நினைத்துவிட்டார் போல. கூடம் முழுக்க அரோகரா என்றது. நான் சொல்லவில்லை.

நாவிதர் அம்மாவைத் தூக்கி உட்கார வைத்து, மிச்சத்தை வழுவழுவென்று மழித்தார். பொடனி வெட்டில் படிகாரக் கட்டியைத் தேய்த்தார். அதே கட்டியை எடுத்துப்போய் அப்பாவின் கையிலும் தேய்த்தார். "அதக் கூடையில போடுங்க. ஊட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது" என்றார். அப்பா மணிக்கட்டிலிருந்து சடையை அவிழ்த்தார். ரத்தத்தில் ஒட்டிக்கொண்டு சில இழைகள் வரவில்லை. எல்லோரும் பார்க்க ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டார்.

அம்மா குளித்து, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, எங்கள் இருவரையும் கையில் பிடித்து மலையேறினார். அப்பா போசியோடு அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சாமி பார்த்துவிட்டு இறங்கியபோது வெயில் உச்சியில் இருந்தது. அப்பா நிமிர்ந்து பார்க்காமல், "சோறு போடு" என்றார். 'போடுங்க' இல்லை. நான் அப்படியே உட்கார்ந்தேன். அம்மா இலையில் புளிச்சோறு வைத்தார். வெட்டுப்பட்ட கையால் அப்பா பிசைந்தார். புளியும் உப்பும் மிளகாயும் காயத்தில் ஏறி அவர் கண்ணில் தண்ணீர் தண்ணீராக வந்தது. கையை உதறுவார், மறுபடி ஒரு வாய் எடுப்பார். இடது கையால் சாப்பிட அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. முன்பு கை வெந்தபோது ஊட்டிவிட்ட அம்மா, எதிரில் உட்கார்ந்து தன் இலைச் சோற்றைச் சாப்பிட்டார். எனக்குப் பாவமாக இல்லை. சந்தோஷமாக இருந்தது. இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பினோம். மதுரையும் திருச்செந்தூரும் காலண்டர் தாளிலேயே நின்றுபோயின.

அப்புறம் அடி நின்றுவிட்டதா என்று கேட்பீர்கள். நிற்குமா? ஒரு மாதம் அமைதியாக இருந்தார். பிறகு ஆரம்பித்தார். ஆனால் கை தலைக்குப் போய் வழுக்கிக்கொண்டு வந்தது. பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை. அம்மா ஓடினார். அதுவரை அம்மா ஓடி நான் பார்த்ததே இல்லை. சந்துக்கு அந்தப் பக்கம் எதிர்வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றுதான் எங்கள் சந்துக்கே விஷயம் தெரிந்தது. அதன் பிறகு வருஷா வருஷம், யாரையும் கேட்காமல், பூவும் கேட்காமல், அம்மா தனியாகப் பஸ் ஏறிப் பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வருவார். கொஞ்சம் வளர்ந்தால் போதும், கிளம்பிவிடுவார். பார்க்கிறவர்கள் எல்லாம் இந்தம்மாவுக்கு என்ன பக்தி என்பார்கள். கல்யாணமாகிப் போன பிறகு ஒரு தடவை, அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் நான் காட்டிக்கொடுத்ததைச் சொல்லி அம்மாவிடம் அழுதேன். "வலிச்சா ஆருதான் சொல்ல மாட்டாங்க கண்ணு, உடு" என்றார்.

அந்தப் பவுண்டரி இன்று இல்லை. அந்த இடத்தில் கண்ணாடி கண்ணாடியாக ஒரு கம்ப்யூட்டர் அலுவலகம் நிற்கிறது. எங்கள் சந்தும் வீடும் நிலைவாசலும் போய் அடுக்குமாடி வந்துவிட்டது. அப்பா போய் ஏழு வருஷமாகிறது. அவர் காரியம் முடிந்த மறுநாள் அம்மா என்னோடு வந்துவிட்டார். "இனி முடி வளத்தலாம்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். வளர்க்கிறார். எழுபது வயதில் எவ்வளவு வளரும்? வெள்ளையாக, மெலிசாக, தோளுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது.

போன வாரம் நான் புளிக்காய்ச்சலை இறக்கிவைத்துக்கொண்டிருந்தபோது மகள் போனை வைத்துவிட்டு எழுந்தாள். அம்மாயியையும், அதாவது என் அம்மாவையும், கூட்டிக்கொண்டு போகலாம், மதுரையே பார்த்ததில்லையாமே என்றாள். அம்மா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகள் சந்தோஷத்தில் பின்பக்கமாகப் போய், "அம்மாயி, உங்களுக்கு நான் சடை போட்டு உடறனுங்க" என்று அந்த முடியைக் கையில் அள்ளினாள்.

அம்மா நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் சுருண்டார். இரண்டு கையாலும் பொடனியைப் பொத்திக்கொண்டு, "உட்ருங்க மாமா, உட்ருங்க மாமா" என்றார். என் மகள் கையைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றாள். யார் மாமா என்று என்னைக் கேட்டாள்.